முதல் விருந்து பக்கத்து வீட்டுக்கே!



'புதுவீட்டு விருந்துக்கு முதலில் அழைக்க வேண்டியது உறவினர்களையா, அண்டை வீட்டாரையா?' இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணியினர் உறவுதான் என்று உருகி உருகிப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். உறவு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. யார் முதலில் என்பதுதான் கேள்வி.

பேராக் மாநிலத்துத் தமிழனின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் காடுகள் தோட்டங்களாயின. தமிழர்கள் லயன் வீடுகளில் குடியேறினார்கள். அங்கே அண்டை வீட்டாரை அழைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நான்காவது வீட்டுப் பாட்டி எழுந்து வருவார். தண்ணீர்க் குழாய் பொதுவில் இருந்தது. விடியுமுன்னே வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு, யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் குழாயடியிலேயே தெரிந்துவிடும்.

அதற்காகத் தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. வறுமை இருந்தது. துரை பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற காலம் அது. சாதி பார்த்தவர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நிற்க இடமில்லாமல் குடும்பங்கள் தவித்தன. அந்தத் தவிப்பைக் கண்டுதான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே போய்த் தாமான் வந்தது. இன்று அந்தத் தொழிலாளியின் பேரன் ஈப்போவில் மூன்று அறை வீடு வாங்குகிறான். பெருமைதான், கைதட்டுங்கள்! ஆனால் நடுவர் அவர்களே, குழாய் வீட்டுக்குள்ளே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மனசைவிட்டு வெளியே போய்விட்டார். இரும்புக் கிரில், தானியங்கிக் கதவு, கறுப்புக் கண்ணாடிக் கார். எதிர் வீட்டில் இருப்பது லிம்மா, லிங்கமா, ரஹிமா என்று கேட்டால் தெரியாது!

இதனால் என்ன நஷ்டம் என்று எதிரணி கேட்கலாம். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் வயதான அம்மா தனியாக. குளியலறையில் வழுக்கி விழுகிறார். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அங்கிருக்கும் அன்புள்ள சித்தப்பா எத்தனை வேகமாக வந்தாலும் இரண்டு மணி நேரம். சுவர் ஏறிக் குதித்து வரப்போவது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு அந்த அம்மாவின் பெயராவது தெரிய வேண்டாமா?

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கொண்டோ வாங்கியவர்கள் நீச்சல் குளத்தருகே விருந்து வைக்கிறார்கள். தாமான் வீட்டுக்காரர்கள் காற்றடித்த பிளாஸ்டிக் குளத்தைக் கார் நிறுத்துமிடத்தில் விரித்துவிடுகிறார்கள். "பால் காய்ச்சச் சொன்னால் பசங்களைக் குளிப்பாட்டுகிறார்கள்" என்று எதிரணி கேலி செய்தது. பாலும் காய்ச்சுங்கள், குளமும் வையுங்கள்! அன்று குழாயடி செய்த வேலையை இன்று இந்தக் குளம் செய்கிறது. தண்ணீரைக் கண்டால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் வருவார்கள்.

ஆனால் முறையோடு செய்ய வேண்டும். குளிப்பவர்தான் விருந்தாளி என்று ஆகிவிடக் கூடாது. மலாய்க்காரச் சகோதரியும் நம் வீட்டுப் பாட்டியும் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முதலில் நாற்காலி போடுங்கள். சட்டையோடு இறங்கும் பிள்ளையை யாரும் கேலி செய்ய வேண்டாம். சாப்பாடு ஹலால் கடையிலிருந்து வரட்டும். மாட்டிறைச்சி வேண்டாம். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. பீர்ப் பெட்டியை இறக்கினால் பாதி விருந்தாளி வாசலோடு திரும்பிவிடுவார். மாலைத் தொழுகைக்குப் போகிறவர் அவசரப்படாமல் கிளம்பும்படி முன்னதாகவே விருந்தை முடியுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்குப் பழைய ஈயக் குட்டைகளின் ஆபத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தை மூழ்கும்போது சத்தம் வராது. முழங்கால் அளவு தண்ணீரும் போதும். ஒரு பெரியவர் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கரையிலேயே இருக்க வேண்டும். விருந்து முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தேங்கிய தெளிந்த நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். அறிமுகப் பரிசாக அண்டை வீட்டாருக்கு டெங்கியைக் கொடுக்காதீர்கள்!

"பால் பொங்குவது அவர்களுக்குப் புரியுமா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். நன்றாகப் புரியும், அம்மா. புதுவீட்டுக்குள் அன்னாசிப் பழத்தை உருட்டிவிட்டு, செல்வம் உருண்டு வரட்டும் என்பார்கள் சீனர்கள். புதுவீட்டில் உற்றாரைக் கூட்டி டோவா செலாமாட் ஓதி, நலம் வேண்டுவார்கள் மலாய்க்காரர்கள். பால் பொங்கினாலும் பழம் உருண்டாலும் வேண்டுதல் ஒன்றுதான். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒருமுறை அழைத்தால் போதும்.

பணம் அதிகம் ஆகுமே என்பார்கள். கடன் வாங்கி மண்டபம் பிடித்து ஐந்நூறு பேருக்கு இலை போடுவதைவிட, சுற்றியுள்ள பத்து வீட்டுக்குச் சோறு போடுவது எவ்வளவோ மலிவு. அழைப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே பொட்டலம் பத்து வாங்குங்கள். மாலையில் மனைவி மக்களோடு வீடு வீடாகப் போங்கள். "புதிதாக வந்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவசியம் வர வேண்டும்" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். 1975-இல் அரசாங்கம் ருக்குன் தெத்தாங்காவைத் தொடங்கி அண்டை வீட்டாரை ஒன்று சேர்க்கப் பார்த்தது. அந்தத் திட்டத்துக்கும் உயிர் கொடுப்பது இப்படி ஒரு கைகுலுக்கல்தான்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் 'நீரடித்து நீர் விலகாது' என்று பழமொழி சொன்னார். மிகவும் சரி. உறவு விலகாது. ஆகவே அடுத்த வாரம் அழைத்தாலும் அது கோபித்துக்கொண்டே வந்து சாப்பிட்டுப் போகும். அண்டை வீட்டார் அப்படியல்ல. முதல் மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், பத்து வருடம் ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தச் சுவர் மட்டும்தான் இருக்கும். காத்திருக்கக்கூடியவர்களைக் காத்திருக்கச் சொல்லலாம். காத்திருக்க மாட்டாதவர்களுக்கு முதல் இலையைப் போடுங்கள்.