விண்வெளியில் ஓர் இரசாயனச் சாலை



பொருள்கள் ஒன்றையொன்று நெருங்கினாலன்றி இரசாயன வினை நிகழாது என்பது ஆசிரியன் மாணவர்க்கு முதலிற் கற்பிக்கும் பாடம். நானும் பல்லாண்டுகள் அதைத்தான் கற்பித்தேன். நெருக்கமும் வெப்பமும் அற்ற விண்வெளியில் இரசாயனத்துக்கு என்ன வேலை? ஈரணு மூலக்கூறுகள் சில 1937 முதல் அறியப்பட்டிருந்தும், அவற்றினும் பெரியவை அங்கே நிலைத்திருக்கும் என்று எதிர்பார்த்தவர் சிலரே.

1968இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் சார்லஸ் டவுன்சும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவின் ஹாட் கிரீக்கிலிருந்த 6 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைப் பால்வீதியின் மையத் திசைக்குத் திருப்பினர். அம்மோனியா மூலக்கூறு, காற்றிலே குடை மறுபுறம் மடங்குவதுபோல் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிரும். அப்போது ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை வெளியிடும். தாங்கள் இந்நிலையத்துக்கு வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பியதுபோலவே அவர்களும் அந்த அலைக்குத் தம் கருவியைத் திருப்பினர். பள்ளி ஆய்வுக்கூடத்தில் குப்பியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அதே அம்மோனியா அங்கே இருந்தது! 1969இல் நீரும் பார்மால்டிஹைடும், 1970இல் மெதில் ஆல்கஹாலும் அறிவிக்கப்பட்டன. இன்று கணக்கு 300ஐத் தாண்டிவிட்டது.

இவை எங்கே உருவாகின்றன? விண்மேகத்தில் புகைத்துகள் போன்ற நுண்ணிய தூசு உண்டு. குளிர் அங்கே பூச்சியத்துக்குக் கீழே 263 பாகை. வழிப்போக்கர் இருவர் திண்ணையில் சந்திப்பதுபோல, தனித்தலையும் அணுக்கள் இத்தூசின்மேல் தங்கிச் சந்திக்கின்றன. வெளியில் மோதும் இரு ஹைட்ரஜன் அணுக்கள், பிணையும்போது எழும் ஆற்றலை இறக்கிவைக்க இடமின்றிப் பிரிந்துவிடும்; தூசு அச்சுமையை ஏற்றுக்கொள்கிறது. கார்பன் மோனாக்சைடும் அதன்மேல் பனியாய்ப் படிகிறது. ஹைட்ரஜன் ஒவ்வொன்றாய் வந்து சேரச் சேர, அது பார்மால்டிஹைடாகிப் பின்னர் மெதில் ஆல்கஹாலாகிறது.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையுடைய விண்மீன் அம்மேகத்தினுள்ளே பிறக்கும்போது காட்சி மாறுகிறது. சுற்றுப்புறம் பூச்சியத்துக்குக் கீழே 173 பாகையை எட்டியதும் நீர்ப்பனி ஆவியாகிறது. பனியில் அடைபட்டிருந்தவை யாவும் வாயுவாய் வெளிப்படுகின்றன. இதற்கு வானியலார் வழங்கும் பெயர் வெப்பக் கரு. நம் மார்கழிக் குளிருக்கே போர்வை தேடும் நமக்கு அவ்வெப்பம் வேடிக்கையாகவே தோன்றும்!

தனுசு மண்டலத் திசையிலுள்ள சாஜிட்டேரியஸ் பி2 என்னும் மேகம் இதற்குப் பேர்பெற்ற உதாரணம். அங்கே 1975இல் எதில் ஆல்கஹால் கண்டறியப்பட்டது. வானில் சாராயம் என்று நகையாடுவோர் இன்றும் உளர். அதனினும் கருதத்தக்கது 2008இல் அங்கே கண்ட அமினோ அசிட்டோநைட்ரைல். புரதத்தின் உறுப்பான கிளைசீனுக்கு அது நெருங்கிய உறவு. கிளைசீனோ விண்மேகத்தில் இன்னும் ஐயமற உறுதிப்படவில்லை. ஆகவே, வானில் உயிரின் விதை கிடைத்துவிட்டது என்பாரின் அவசரம் எனக்கு உடன்பாடன்று.

பனியைத் திறந்துவிட்ட விண்மீனே அதன் பகைவனுமாகிறது. அது வீசும் புறஊதாக் கதிர் அந்த மூலக்கூறுகளை உடைத்தெறிகிறது. வெப்பக் கருவின் வாழ்நாள் ஓர் இலட்சம் ஆண்டளவே. வானியற் கணக்கில் அது ஒரு நொடி. நாம் காண்பது அந்த நொடியைத்தான்.

இவ்வினைகள் சிறிய விண்மீன்களைச் சுற்றியும் நிகழ்கின்றன. அங்கே கதிரின் கொடுமை குறைவு. 400 ஒளியாண்டுக்கும் அப்பால், சூரியனையொத்த இளம் விண்மீனொன்றின் அருகே, சர்க்கரை இனத்தின் மிக எளிய மூலக்கூறான கிளைகோலால்டிஹைடு இருப்பதைச் சிலி நாட்டில் 5000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆல்மா தொலைநோக்கி 2012இல் கண்டது. கோள்கள் பிறக்கக்கூடிய தொலைவிலேயே அது இருந்தது.