சிறுமூளையில் ஸ்ட்ரோக் வந்தவரின் யோசனைத் தடுமாற்றம்

(மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பக்கவாதம் என்றால் ஒரு கையும் காலும் விழுந்துபோகும், வாய் கோணும் என்றுதான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். பின்மண்டையில் உள்ள சிறுமூளையில் வரும் ஸ்ட்ரோக் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறோம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே உடனே 108-ஐ அழையுங்கள். இதைப் பற்றி முன்பும் பேசியிருக்கிறோம். இன்று சொல்ல வந்தது, பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதை.

சில மாதங்களில் அவர் கம்பு ஊன்றாமல் நடக்கிறார். வந்தவர்களை அடையாளம் தெரிகிறது, பழைய கதையெல்லாம் சொல்கிறார். "அத்தா தேறிட்டாங்க" என்று கடைச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் வெளியே வருகிறது.

ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சீனி நிறுக்கும்போது போன் வருகிறது. பேசி முடித்துத் திரும்பினால், தராசில் இருப்பது யாருக்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை. பணம் எண்ணத் தெரியும், கூட்டத் தெரியும். எந்தச் சரக்கை முதலில் எடுப்பது, யார் பாக்கியை முதலில் கொடுப்பது என்ற வரிசைதான் நழுவுகிறது. வீட்டிலும் இப்படித்தான். முப்பது வருடம் பிரியாணி ஆக்கிய தாயார், கறி வெந்த பிறகுதான் அரிசியை ஊறப்போட நினைவு வந்து நிற்பார். ஒளுச் செய்யும்போது எந்த உறுப்பைக் கழுவினோம், எத்தனையாவது ரக்அத் என்ற குழப்பமும் வரலாம்.

சிறுமூளை உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு என்றே பள்ளியில் படித்தோம். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கின்றன. 1998-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் என்ற இருவர், சிறுமூளை பாதித்த 20 பேரைப் பரிசோதித்து எழுதினார்கள். திட்டமிடுவது, இடத்தையும் திசையையும் கணிப்பது, சொற்களைத் தேடி எடுப்பது, உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது ஆகியவையும் கெடக்கூடும் என்பது அதில் தெரிந்தது. குறிப்பாகச் சிறுமூளையின் பின்பகுதி பாதித்தால் நடை ஓரளவு நன்றாக இருக்க, யோசனை மட்டும் தடுமாறலாம். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் பழி வருகிறது: "சோம்பேறியாயிட்டாரு", "வேணும்னே செய்றாரு", "முன்ன மாதிரி பொறுப்பு இல்லை." மனைவிமார்கள் இதைச் சொல்லி அழுவதை நான் கேட்டிருக்கிறேன். சட்டென்று கோபப்படுவதும், எதிலும் பட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதும் இதே நோயின் பகுதியாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்? ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "பால் வாங்கிட்டு, கரண்ட் பில் கட்டிட்டு, அப்படியே மாமாவைப் பார்த்துட்டு வாங்க" என்றால் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். அதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முடித்ததை அவரே அடிக்கட்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். முக்கியமான பேச்சை டிவியை அணைத்துவிட்டு, அவர் களைக்காத காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொழுகையில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கடைக்கு அவர் போகட்டும், அது அவருக்கு மருந்து. ஆனால் கல்லாவில் இன்னொருவர் இருக்கட்டும். கடன் பத்திரத்திலோ ஜாமீனிலோ தனியாகக் கையெழுத்துப் போடவைக்காதீர்கள். பைக் ஓட்டலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டாம்.

மாதங்கள் செல்லச் செல்லப் பலருக்குத் தேறிவருகிறது. சிலருக்குத் திட்டமிடும் சிரமம் நீடிக்கிறது. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது "நல்லா நடக்கிறார்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார், எண்களைத் தலைகீழாகச் சொல்கிறாரா என்று அவர்கள் சோதிப்பார்கள். அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் அனுப்புவார்கள். உங்கள் அடுப்படியிலும் கடையிலும் என்ன தவறுகிறது என்பது டாக்டருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு வாரம் கவனித்து, ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.