முதன்முறை அடிதடி வழக்கு: தோட்டத் தொழிலாளி எதற்கு அஞ்ச வேண்டும்?

(போனக்காடு தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேயிலை ஆலை ஓய்ந்து கிடக்கும் ஒரு தோட்டத்தில் சண்டைகள் ஓய்வதில்லை. நிலுவை ஊதியம் வரவில்லை, பணிக்கொடை வரவில்லை, லயத்தின் கூரை ஒழுகுகிறது, ஒரே தண்ணீர்க் குழாயை நம்பிப் பல குடும்பங்கள் நிற்கின்றன. முதலாளிமீது எழ வேண்டிய சினம் அடுத்த வீட்டுக்காரர்மீது பாய்கிறது. ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பது, அதுவரை காவல் நிலைய வாசலை மிதித்ததில்லை. குழாயடியில் வாய்த்தகராறு முற்றுகிறது, கை நீள்கிறது, எதிரிலிருந்தவர் கீழே விழுகிறார். விழுந்தவரை விதுரா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறார்கள். மருத்துவர் காயச் சான்று எழுதுகிறார். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வருகிறது: “ஒருதடவை வந்துவிட்டுப் போ.”

அந்த நொடியில் அவர் அஞ்சுவது சிறைக்கு. உண்மையில் அவர் அஞ்ச வேண்டியவை வேறு.

சட்டத்தின் எழுத்தை முதலில் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோரை இடைநீக்கம் செய்து வெளியே நிறுத்திவிட்டு, 2023 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம் அது. போனக்காட்டுத் தொழிலாளியின் நாவில் அதன் பெயர்கூட நுழையாது. தண்டனை மட்டும் நுழையும். அதன்படி ஒருவரைப் பிடித்துத் தள்ளினால், காயம் ஏதுமில்லையெனில், 131-ஆம் பிரிவு: மூன்று மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்து உடல் நோவு உண்டாக்கினால் 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவ்விரண்டும் ஜாமீனில் விடத்தக்கவை. பழைய 323-ஆம் பிரிவைப் போலவே 115(2)-இன் கீழும், நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு செய்யவோ கைது செய்யவோ இயலாது.

ஆனால் கேரளத்தின் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவு தனியே வருவது அரிது. வழி மறித்ததாக 126(2), கெட்ட வார்த்தை பேசியதாக 296, மிரட்டியதாக 351 என்று ஒரு கோவை பின்தொடரும். பழைய சட்டத்தில் 294(b), 323, 324, 341, 506 என்று எழுதிப் பழகிய கை, புதிய எண்களைப் போட்டு அதையே எழுதுகிறது. இவற்றுள் கவனிக்க வேண்டியது 324-இன் இடத்தில் வந்த 118(1). குத்தவும் வெட்டவும் பயன்படும் கருவியால் காயம் உண்டாக்கினால் மூன்றாண்டு வரை சிறை. ஜாமீனில் விடத்தகாத குற்றம். தோட்டத் தொழிலாளியின் இடுப்பில் எப்போதும் என்ன இருக்கிறது? கவ்வாத்துக் கத்தி. அவர் அதைத் தேயிலைச் செடிக்காகக் கொண்டுபோனார், சண்டைக்காக அன்று. வேலைவிட்டு வரும் வழியில் தகராறு மூண்டு, கத்தியின் நுனி எதிராளியின் கையில் கீறினாலும் போதும், வழக்கின் தன்மை மாறிவிடும். எலும்பு முறிந்தாலோ, பல் விழுந்தாலோ, பதினைந்து நாள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய இயலாமலோ கிடந்தாலோ அது கொடுங்காயம். ஏழாண்டு வரை செல்லும். பழைய சட்டத்தில் அந்த நாட்கணக்கு இருபது. வனத்துறை ஊழியரையோ வேறு அரசு ஊழியரையோ பணியின்போது காயப்படுத்தினால் 121-ஆம் பிரிவு தனியே காத்திருக்கிறது.

இனி மொழி. தமிழில் “தள்ளினேன்” என்றால் தள்ளியதுதான். மலையாளத்தில் “தல்லி” என்றால் அடித்தார் என்று பொருள். ஒலியில் ஒரு நூலிழை வேறுபாடு. சட்டத்தில் அது 131-க்கும் 115(2)-க்கும் இடையிலான தொலைவு, மூன்று மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையிலான தொலைவு. தள்ளியதாக ஒப்புக்கொண்டவர் அடித்ததாக ஒப்புக்கொண்டவராக ஏட்டில் ஏறுவதற்கு எவரும் தீய எண்ணம் கொள்ள வேண்டியதில்லை. அவசரமாக எழுதும் ஒரு பேனா போதும். ஆகவேதான் படித்துப் புரியாத மலையாளத் தாளில் எவரும் கையொப்பமிடலாகாது. புலனாய்வின்போது காவலர் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்கவே சட்டம் இடம் தரவில்லை. காவல் அதிகாரியிடம் கூறிய ஒப்புதல் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கப்படலாகாது. நீதிமன்றத்திலும், சாட்சியத்தின் மொழி குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாவிட்டால், புரியும் மொழியில் அதை எடுத்துரைக்க வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் கட்டளை. வாய்திறந்து கேட்பவருக்கே அது பெரும்பாலும் கிடைக்கும்.

காவல் நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எழுத்துமூலமான அறிவிப்பாகாது. ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யலாகாது என்று 2014-இல் அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. கைது தேவையில்லாதபோது 35-ஆம் பிரிவின் கீழ் ஆஜராகும்படி எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமாக இருந்து, ஆள் அறுபது வயதைக் கடந்தவராகவோ உடல் நலிந்தவராகவோ இருந்தால், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியின்றிக் கைது கூடாது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். எழுத்தில் வந்த அறிவிப்பை அலட்சியம் செய்பவர் இந்தப் பாதுகாப்பைத் தாமே இழக்கிறார்.

அடுத்த தடை ஜாமீன்தாரர். நீதிமன்றம் ஜாமீன் தந்துவிட்டது. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். நிலவரி கட்டிய ரசீது கொண்டுவாருங்கள் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தின் லயத்தில் வாழ்ந்தவர் பெயரில் நிலம் ஏது, வரி ஏது, ரசீது ஏது? உறவினர் இருப்பதோ மலைக்கு அப்பால் தமிழ்நாட்டில். இதே சிக்கலில் மத்தியப் பிரதேசத்தின் ஏழைக் கொத்தனார் மோதிராம் சிக்கினார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் வழங்கிய பிறகும், நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தார். 1978-இல் அந்த வழக்கில் தீர்ப்பெழுதியவர் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். தமிழரும் மலையாளியும் தொலைதூர மாநிலத்தில் கைதானால் உள்ளூர்ப் பிணைக்கு எங்கே போவார்கள் என்று அவர் வினவினார். மோதிராமை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விடுவிக்க ஆணையிட்டார்.

கிருஷ்ணய்யருக்கு இது ஏட்டறிவன்று. 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததாகச் சொல்லி அவரையே ஒரு மாதம் சிறையில் அடைத்தார்கள். 1957-இல் தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அவர் சட்டத்துறையைக் கவனித்தார். இன்றைய நடைமுறைச் சட்டத்தின் 478-ஆம் பிரிவிலும் அவரது சிந்தனையின் தடம் இருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் பிணை தர இயலாவிட்டால், அவர் வறியவர் என்று கொண்டு, பிணையாள் இல்லாமலே அவரது சொந்தப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். ரசீதுக்காகக் கந்துவட்டிக்காரரையோ தரகரையோ நாடுவதற்கு முன்னர் இந்தப் பிரிவை வழக்கறிஞர் வாயிலாக நடுவரின் கவனத்துக்குக் கொண்டுவருவது மலிவான வழி.

வழக்கறிஞருக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோரோடு தொழிற்துறைத் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது. வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. இது எவரும் போடும் பிச்சையன்று.

இத்தனை வசதி இருந்தும் பெரும்பான்மைத் தொழிலாளி செய்வதென்ன? நெடுமங்காடு போய்வர ஒரு நாள் கூலி போகிறது. ஐந்தாறு வாய்தா ஆனதும் சலித்துப்போகிறார். “குற்றத்தை ஒத்துக்கொள், ஃபைன் கட்டிவிட்டு மலையேறு” என்று யாரோ சொல்கிறார். அவரும் தலையாட்டுகிறார். ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிவிட்டு, விட்டது தொல்லை என்று பேருந்து ஏறுகிறார். அவர் கட்டியது அபராதம். பெற்றது தண்டனைத் தீர்ப்பு. தாமே ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி குறுகிவிடுகிறது. தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே பேசலாம். வாய்தாவுக்குப் போகாமல் விட்டவர் நிலை இன்னும் மோசம்: பிடியாணை பிறக்கும், வழக்கு நீண்டகால நிலுவைப் பதிவேட்டில் உறங்கும், பல்லாண்டு கழித்து அவர் மறந்திருக்கும் வேளையில் விழித்துக்கொள்ளும்.

ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிதாகத் தோன்றாது. அவருடைய மகன் இருபத்திரண்டு வயதில் அதே குழாயடியில் கைநீட்டியிருந்தால்? மூடிய தோட்டத்தின் இளைஞர்களுக்கு வளைகுடா ஒரு வழி. வழக்கு நிலுவையில் இருந்தால் 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் 6(2)(f) குறுக்கே நிற்கும். நீதிமன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைப்பது வழக்கைவிடப் பெரிய கேடு. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்குகளை வேலை தருவோர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. ஆனால் உண்மையை எழுத வேண்டும் என்றும் சொன்னது.

அப்படியானால் வழி என்ன? 131, 115(2), 126(2) ஆகியவை அடிபட்டவர் இசைந்தால் சமரசமாக முடிக்கத்தக்கவை. சமரசத்தின் பயன் விடுதலை. தண்டனையின் கறை படியாது. லயத்தின் குழாயடிச் சண்டைக்கு இதுவே தகுந்த முடிவு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவனுக்காகத் தொழிற்சங்கக்காரர்களே திரண்டுபோய் அந்தப் பெண்ணிடம் “ஒத்துப்போ” என்று நெருக்குவது சமரசமாகாது. அது இரண்டாவது அடி. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைத் தாக்கியவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனை மறுக்கிறது, மறுப்பது சரியே. முதல் குற்றம் என்பது அடித்தவருக்குத்தான் முதல். அடிபட்டவருக்கு அது எத்தனையாவது என்று கேட்க வேண்டும்.

வழக்கு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டால்கூட ஒரு கதவு திறந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், முன்பு தண்டனை பெறாதவரைச் சிறு குற்றங்களில் எச்சரித்து விடவும், 4-ஆம் பிரிவின் கீழ் நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இருபத்தொரு வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும். அவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது 12-ஆம் பிரிவு. கேரளத்தில் நவம்பர் 15, கிருஷ்ணய்யரின் பிறந்தநாள், நன்னடத்தை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இருந்தும் அபராதத்தைக் கட்டிவிட்டு வருபவர் அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டதேயில்லை. கேட்காதவருக்காக மனுப் போடுவார் யார்?

இவ்வளவு நுணுக்கமும் தனியாள் வழக்குக்குத்தானே என்று கேட்கலாம். இதே அகத்தியமலைத் தொடரின் கிழக்குச் சரிவில் மாஞ்சோலை இருக்கிறது. 1999-இல் கூலி உயர்வுக்காகப் போராடிய அத்தோட்டத் தொழிலாளர்கள் 600-க்கும் மேற்பட்டோர் திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணிக் கரையில் 17 பேர் மாண்டனர். சங்கத்தின் முன்னணி ஊழியர் ஒருவர்மீது பழைய அடிதடி வழக்கில் தண்டனை இருந்தால், அடுத்த வேலைநிறுத்தத்தில் எதிர்த்தரப்பு முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான்.

விதுராவிலிருந்து அழைப்பு வந்தால் தனியே போகாமல் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டு வாங்கி, அதைத் தமிழில் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். “தள்ளினேன்” என்று சொன்னது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு நெடுமங்காட்டின் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு போனால் மலையாளத்தில் பெயர்த்துத் தரத் தோழர்கள் இருக்கிறார்கள்.