தாமதத்துக்கு யாருக்கு அபராதம்?

(பெற்றோரும் ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால பேசின ஆசிரியர் ஒரு கேள்வியை வச்சிட்டுப் போனார். லேட்டா வர்ற பையனை, வீட்டுப்பாடம் எழுதாத பொண்ணை, பத்து நாள் காணாமப் போற பிள்ளையைத் தண்டிக்காம விட்டா பள்ளிக்கூடம் சத்திரமாயிடாதா? நியாயமான கேள்விதான். நான் வங்கிக் குமாஸ்தா. தவணை, கெடு, அபராதம் இதெல்லாம்தான் எனக்குச் சோறு போடுது. அதனால அங்கிருந்தே தொடங்குறேன்.

கடன் தவணை தவறினால் வங்கியில் அபராதம் உண்டு. ஆனால் அது கடனாளியை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தானே தவிர வங்கி வருமானம் பார்ப்பதற்கல்ல என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. பெரிய கம்பெனி தவணை தவறினால் இன்னும் மரியாதை. கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, ஏன் முடியவில்லை என்று கேட்டு, தவணையையே மாற்றி எழுதுகிறார்கள். அதுக்குப் பேர் கடன் மறுசீரமைப்பு. எட்டு வயசுப் பிள்ளை பத்து நிமிசம் பிந்தி வந்தால் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கணும். ஏன்னு ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

கேட்டால் என்ன பதில் வரும்? பொங்கல் கழிந்ததும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர், செங்கல்பட்டுச் சூளைகளுக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கியாச்சு, போய்த்தான் தீரணும். மழை பிடிக்கிற வரைக்கும் கல் அறுப்பு. அப்பன் மண் குழைக்க, ஆத்தா அறுக்க, பிள்ளை காய்கிற கல்லைப் புரட்டிப் போடணும். சூளை சீசனும் பரீட்சை சீசனும் ஒண்ணு. மார்ச் மாசப் பதிவேட்டில் அந்தப் பிள்ளை 'வரவில்லை'. தானாக வராதவனுக்கும் கொண்டுபோகப்பட்டவனுக்கும் பதிவேட்டில் ஒரே குறிதான்.

அப்புறம் நம்ம சேரிக் கதை. ஊரில் சாவு விழுந்தா பறையடிக்க அப்பனைக் கூப்பிடுவாங்க, கூட ஒரு கை வேணும்னு மகனையும் இழுத்துக்கிட்டுப் போவாங்க. மறுநாள் 'நேத்து ஏண்டா வரலை'ன்னு கேட்கிற வாத்தியார், அதே சாவுக்கு மாலை போட்டுட்டு வந்தவராகவும் இருப்பார். கழிப்பறையில தண்ணி இல்லாம மாசத்துல மூணு நாள் வீட்டோட கிடக்கிற பொம்பளைப் பிள்ளைங்க கணக்கு தனி.

தண்டனை என்னங்கிறதையும் பார்க்கணும். அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதனால இப்ப 'வேலை' கொடுக்கிறாங்க. கூட்டு, தண்ணி எடு. யாருக்கு எந்த வேலைன்னு நின்னு பாருங்க. 2022இல் பெருந்துறை பக்கத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் வந்து ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை கைதானார். சும்மாவே துடைப்பம் நீட்டுகிற கைகளுக்கு 'லேட்' என்று ஒரு காரணமும் கிடைத்தால்?

கல்லூரியில் வேறு வேடிக்கை. 75 சதவீத வருகை வேணும். நம்ம பல்கலைக்கழகங்கள் பலவற்றில், கொஞ்சம் குறைஞ்சா பணம் கட்டிப் பரீட்சை எழுதலாம். பைக்கில் சுத்தினவனும் கட்டுறான், பெயிண்ட் அடிக்கப் போனவனும் கட்டுறான். அந்த ரெண்டாவது பையனுக்கு வரவேண்டிய உதவித்தொகை வருசம் முடிஞ்ச பிறகு வருது. அரசாங்கத்தோட அந்தத் தாமதத்துக்கு எந்தப் பதிவேட்டில் சிவப்பு மை?

1946இல் பம்பாயில் தொடங்கின சித்தார்த்தா கல்லூரியில், வேலை பார்க்கிறவனும் படிக்கணும்னு அம்பேத்கர் காலையில் வகுப்பு வச்சார். ஆளைத் தண்டிக்கலை, நேரத்தை மாத்தினார். நேரத்தை மாத்துறதிலும் ரெண்டு வகை இருக்கு தோழர்களே. 1953இல் ராஜாஜியும் பள்ளி நேரத்தைக் குறைத்தார், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோ என்று. அடுத்த வருசமே அதை எடுக்க வேண்டியதாச்சு.

அப்ப ஒழுங்கே வேண்டாமா? வேணும். 'அதுங்க அப்படித்தான், விடுங்க' என்று கண்டுக்காத வாத்தியாரைவிட, தேடி வந்து திட்டுகிற வாத்தியார் எனக்கு மேல். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்குச் சுமார் 50,000 பேர் வரலை. தாய்மொழிப் பரீட்சை! அன்னைக்குத்தான் நாட்டுக்கே தெரியுது. அதுக்கு முன்னால மாசக்கணக்கா அந்தப் பெஞ்சுகள் காலியாத்தானே இருந்திருக்கும்? லேட்டா வந்த நோட்டுக்கு மார்க்கைக் குறைக்காதீங்க. கணக்கு சரியாயிருந்தா சரிதான். வீட்டில் விளக்கும் இடமும் இல்லாத பிள்ளையைச் சாயங்காலம் பள்ளியிலேயே அரைமணி உட்காரவைத்து எழுத வைங்க.

அம்மாக்களுக்கு ஒண்ணு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும்னு சட்டம். கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராதீங்க. பத்து நாளுக்கு மேல வராத பிள்ளைங்க பேரையெல்லாம் கேளுங்க, பக்கத்துல காரணம் எழுதச் சொல்லுங்க. சூளைக்குப் போன பிள்ளைக்குச் சூளைப் பக்கத்துப் பள்ளியில் இடம் கேளுங்க. மாற்றுச் சான்றிதழ் வர லேட்டாகுதுன்னு சேர்க்க மறுக்க முடியாது. அதே சட்டம், 5ஆம் பிரிவு. மனு எழுத ஆள் வேணும்னா ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு, வாங்க.