இரவைத் தாண்டும் வர்த்தகம்

2024 மே 31, வெள்ளிக்கிழமை. நிஃப்டி குறியீடு 22,530 புள்ளிகளில் நிலைகொண்டது. மறுநாள் மாலை மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வெளியாயின. திங்கட்கிழமை காலை 9.15க்குச் சந்தை திறந்தபோது நிஃப்டி 23,300ஐத் தாண்டி நின்றது. நடுவே இருந்த சுமார் 800 புள்ளிகளில் ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை.

சந்தை இறங்கும் என்று நம்பி வெள்ளியன்றே நிஃப்டி பியூச்சர்ஸை (முன்பேர ஒப்பந்தத்தை) விற்று வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். 22,700 வந்தால் நஷ்டத்தோடு வெளியேறிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அந்த விலை அவருக்குக் கிடைக்கவே இல்லை. 25 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட் என்று வைத்துக்கொண்டால், கண் விழித்ததும் 20,000 ரூபாய் நஷ்டம். ஸ்விங் டிரேடிங்கில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். வாங்கியதையோ விற்றதையோ சில நாட்கள், சில வாரங்கள் கையில் வைத்திருக்கிறோம். சந்தை மூடிக் கிடக்கும் நேரத்திலும் உலகம் நடந்துகொண்டிருக்கிறது.

டே டிரேடிங் செய்பவருக்கு அந்தக் கவலை இல்லை. மாலை 3.30க்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். அதனால் அது பாதுகாப்பானது என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தத் திங்களுக்கு அடுத்த நாளே, ஜூன் 4ஆம் தேதி, வாக்கு எண்ணிக்கையின் போது நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளிகள் இழந்து முடிந்தது. அன்று வாங்கிய பக்கம் நின்றவர்களில், ஸ்டாப்லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடும் உத்தரவு) போட்டிருந்தவர் பெரிய நஷ்டத்திலிருந்து தப்பினார். "திரும்பி ஏறிவிடும்" என்று காத்திருந்தவர் தப்பவில்லை.

அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம். அன்றாடம் அரிப்பது செலவுதான். ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் புரோக்கரேஜ், பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி. நாளுக்கு ஐந்தாறு முறை உள்ளே போய் வெளியே வருபவர், சிறு சிறு விலை அசைவுகளிலிருந்தே இத்தனையையும் கட்டி, அதற்கு மேல் சம்பாதிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு, பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இதே காலத்தில் பரிவர்த்தனைச் செலவுக்கு மட்டும் அவர்கள் கட்டியது சுமார் 50,000 கோடி.

வேலைக்குப் போகிறவர், கடை நடத்துகிறவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் திரையை விட்டு நகராமல் ஆறேகால் மணி நேரம் உட்கார முடியாது. அவருக்கு டே டிரேடிங் ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. ஸ்விங் டிரேடிங்குக்கு மாலையில் அரைமணி நேரம் போதும். ஆனால் பணம் அதிகம் வேண்டும். பியூச்சர்ஸில் லாப நஷ்டம் தினமும் கணக்குத் தீர்க்கப்படுகிறது. இன்றைய நஷ்டத்துக்கான பணத்தை உடனே கட்டியாக வேண்டும். புரோக்கர் கேட்ட மார்ஜினை (பிணைத் தொகையை) மட்டும் வைத்துக்கொண்டு இறங்குபவரின் பொசிஷனை, அவர் கணிப்பு பின்னால் சரியாகிவிடும் என்றாலும், புரோக்கரே முடித்துவிடலாம். தனிப் பங்குகளின் பியூச்சர்ஸை முடிவு நாள்வரை வைத்திருந்தால் பங்குகளையே வாங்கவோ கொடுக்கவோ வேண்டியிருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

நேயர்களே, இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் லாட்டை வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைத் தாளில் எழுதுங்கள். ஓர் இரவில் சந்தை எனக்கு எதிராக 800 புள்ளி நகர்ந்தால் எவ்வளவு போகும்? அந்தத் தொகை வீட்டு வாடகையையோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையோ தொடுமானால், பியூச்சர்ஸ் பக்கம் இப்போது போகாதீர்கள்.