காலணாவும் காணிக்கைக் காசும்

(திருப்பதியில் பொருளாதார மாணவர்களிடையே ஆற்றிய தமிழ் உரை)



நாணயம் பற்றிப் பேச இத்திருப்பதியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஏழுமலையானைத் தெலுங்கு மக்கள் 'வட்டிகாசுலவாடு' என்றே அழைக்கின்றனர். திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் பெற்ற கடனுக்கு அவர் இன்னும் வட்டி செலுத்தி வருகிறார் என்பதும், அந்த வட்டிக்கே அடியார்கள் காசு கொண்டுவருகின்றனர் என்பதும் ஐதிகம். கடன், வட்டி, தவணை ஆகிய மூன்றையும் இவ்வளவு எளிதாக விளக்கும் கதையைப் பொருளாதார நூல்களில் நான் கண்டதில்லை.

'காசு' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இராசராச சோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி செலுத்தியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அன்று மதிப்புமிக்க நாணயத்தின் பெயராக இருந்த காசு, பிற்காலத்தில் மிகச் சிறிய செப்பு நாணயத்தின் பெயராயிற்று. போர்த்துகீசியர் வாயில் திரிந்து ஆங்கிலத்துக்குச் சென்ற இச்சொல்லே, சீன நாட்டின் துளையிட்ட செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் வழங்கிய பெயராக அமைந்தது. நாம் கொடுத்ததற்கு ஈடாக ஒன்று பெற்றும் இருக்கிறோம். 'துட்டு' டச்சுக்காரர் தந்த சொல்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு முறை இவ்வாறிருந்தது: 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எனவே, ஒரு வராகனுக்கு 3,360 காசு. மேல்தட்டில் பொன் வராகனும், அடித்தட்டில் செப்புக் காசும் புழங்கின. உழவரும் கூலியாளும் தம் வாழ்நாளில் எண்ணியவை பெரும்பாலும் காசுகளே. அக்காசுகளையும் கம்பெனி இங்கிலாந்தில் பர்மிங்காமில் அச்சிட்டு, பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றியது. 1808ஆம் ஆண்டிட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களுடன் சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அந்நாணயங்கள் பெருமளவில் மீட்கப்பட்டன. நம் சந்தையில் கீரை வாங்கியிருக்க வேண்டிய காசு, இன்று நாணயம் சேகரிப்போரின் பேழையில் இருக்கிறது!

திருமலையானின் உருவமும் நாணயத்தில் ஏறியது. அருகிலுள்ள சந்திரகிரியிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) வேங்கடேசுவரர் உருவமும் பெயரும் பொறித்த வராகன்களை வெளியிட்டார். கம்பெனியாரும் தேவியர் இருவருடன் பெருமாள் நிற்கும் 'மூன்று சாமி' வராகனை அச்சிட்டனர். மக்கள் நம்பும் உருவமிருந்தால்தான் நாணயம் செல்லும் என்பதை வணிகர்கள் அறிந்திருந்தனர்.

காணிக்கை அக்காலத்தில் முடங்கிக் கிடக்கவுமில்லை. விசயநகரக் காலத்தில் திருமலைக்கு அளிக்கப்பட்ட பணம், கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப் பயன்பட்டது. கூடுதல் விளைச்சலிலிருந்து அளித்தவர் பெயரில் அமுதுபடி நடந்தது. இதனைக் கல்வெட்டுச் சான்றுகளோடு பர்ட்டன் ஸ்டைன் என்னும் வரலாற்றாசிரியர் 1960இல் ஆராய்ந்து எழுதினார். மாணவர்கள் அக்கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ரூபாய்க்குப் 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்ற முறை 1957 ஏப்ரல் முதல் நாள் மாறி, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றாயிற்று. 'நயா' என்னும் அடைமொழி 1964 ஜூனில் நீங்கியது. மாற்றம் தேவையானதே, கணக்கு எளிதாயிற்று. ஆனால் ஓரணா என்பது ஆறேகால் பைசா, அதை ஆறாக்கினர். காலணாவோ ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல், அது இரண்டாயிற்று. முன்பு ரூபாய்க்கு 64 காலணா. புதிய கணக்கில் இரண்டிரண்டு பைசாவாகக் கொடுத்தால் 50 முறைதான் வாங்க முடியும். காலணாவுக்குக் கருவேப்பிலை வாங்கியவருக்கு இது நூற்றுக்கு 28 விலையேற்றம்! ரூபாய்க் கணக்கில் வாங்கியவருக்கு ஒரு மாற்றமுமில்லை. சிறு நாணயம் மறையும்போதெல்லாம் முழுமையாக்கும் சுமை சிறிய அளவில் வாங்குவோர் மீதே விழுகிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. உலோக விலையும் அச்சிடும் செலவும் நாணய மதிப்பை விஞ்சிய நிலையில் இம்முடிவில் தவறு காண இயலாது. வங்கிகளில் மாற்றிக்கொள்ள முதல் நாள் வரை தவணை இருந்தது. அத்தவணையைக் கடைக்காரரும் நடத்துநரும் பயன்படுத்தியிருப்பர். மஞ்சள் துணியில் முடிந்த காசுக்கு யார் தவணை சொல்வது? தமிழ்நாட்டு வீடுகளில் நோய் தீரவும் பிள்ளை பிழைக்கவும் ஒன்றேகால் ரூபாயைத் திருப்பதிக்கென முடிந்து வைப்பது வழக்கம். அது பெருமாள் பணம்; வேறு காசு வைத்து மாற்றுவதற்கும் கை வராது. சிறுவயதில் எனக்கு வந்த காய்ச்சலுக்காக என் தாயார் முடிந்த துணியை 2012இல்தான் திருமலைக்குக் கொண்டுவந்தோம். ரூபாய் செல்லும், கால் ரூபாய் செல்லாது என்று நான் சொன்னபோது, "வேண்டிக்கொண்ட அன்று செல்லுமல்லவா?" என்று கேட்டார். பொருளாதாரம் பயின்ற எனக்கு விடை கூறத் தெரியவில்லை. துணியோடு உண்டியலில் சேர்த்தோம். பரகாமணியில் எண்ணியவர் அதை எந்தக் குவியலில் ஒதுக்கினாரோ!

ஒன்று மட்டும் கூறி முடிக்கிறேன். 50 பைசா நாணயம் ஒழிக்கப்படவில்லை. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு அது முறையாகச் செல்லும். மாறாக மிட்டாய் நீட்டும் கடைக்காரரிடம் இதைப் பணிவுடன் எடுத்துரையுங்கள்.