துவைத்தாலும் வடிவம் மாறாமல்

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். ஆடிக் கூட்டத்தால் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் தெரு நிறைந்திருக்கும் நேரமும் இதுதான். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறும் தாய்மார்கள் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2017-இல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்கிறது. ஆக, வேலைக்குத் திரும்பிய பிறகும் பால் சுரக்கும். பக்கத்து இருக்கைக் குழந்தை அழுதாலே போதும், ஆக்ஸிடோசின் வேலை செய்து ரவிக்கை நனைந்துவிடும். அதற்காகத்தான் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும், துவைத்துப் பயன்படுத்தும் நர்சிங் பேட்.

அதில் பொதுவாக மூன்று அடுக்கு. உடம்பில் படுவது மெல்லிய பருத்தி, நடுவில் பால் உறிஞ்சும் டவல் துணி, வெளியே ஈரம் கசியவிடாத பூச்சுள்ள பாலியஸ்டர். சிக்கல் இங்கேதான். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. சில முறை துவைத்ததும் ஓரம் சுருண்டு, ரவிக்கைக்கு மேல் மடிப்பு தெரியும். அதனால் வீட்டில் தைப்பவர்கள் பருத்தியை முதலில் வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். தட்டையான வட்டத்தைவிட, ஒரு டார்ட் (மடிப்புத் தையல்) பிடித்துக் குழிவாகத் தைத்த பேட் நகராமல் நிற்கும். ரவிக்கை மட்டும் இறுக்கமாக இருக்கக் கூடாது. அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும்.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் தையல் இழுபட்டு வட்டம் கோணலாகும். உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலே தண்ணீர் வடியும். மெஷினில் போட்டால் வலைப்பை அவசியம். கொதிநீரும் இஸ்திரிச் சூடும் வெளிப்பூச்சைப் பிரித்துவிடும். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் சோப்பு பிசுக்காக நூலில் படிந்து துணி விறைக்கும். விறைத்த துணி பாலைச் சரியாக உறிஞ்சாது. சோப்பைக் குறைத்து, கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவங்கள் வேண்டாம், அவையும் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும்.

இத்தனை கவனத்தையும் வீணாக்குவது ஒன்று உண்டு: கூச்சம். மாமனார் பார்ப்பார், எதிர்வீட்டார் பார்ப்பார் என்று புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறார்கள். அரைகுறையாகக் காய்ந்த பேட் நாற்றமடிக்கும், பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். பால் உறிஞ்சிய துணியில் மறைக்க என்ன இருக்கிறது? 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களிலேயே பாலூட்டும் அறைகளைத் திறந்தது. வீட்டுக் கொடியில் இரண்டு பேட்களுக்கு இடம் கிடைக்காதா?

அம்மாக்களே, மாமியார்களே, கணவன்மார்களே, அந்தப் பேட்களை நீங்களே எடுத்து, கையால் வடிவம் சரிசெய்து, பருத்திப் பக்கம் மேலே இருக்கும்படி வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் உலர்த்துங்கள்.